கோழிப்பண்ணையில் லீட் கிட்டார்

நான் முதன்முதலாக ஆம்ப்ளிஃபயர் வைத்து கிட்டார் வாசித்தபோது இரண்டாயிரம் பேர் கேட்டார்கள். பதினோரு பேர் செத்துப்போனார்கள். எல்லாம் கோழிகள்தான். ஆனாலும் ஒரு கலைஞனின் அரங்கேற்றத்துக்கு இது பெருமையான கணக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. சேலத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு (இரண்டு பேப்பர் பாக்கி, அதை நாங்கள் முடித்தது என்றுதான் சொல்வோம்) நாமக்கல் பக்கம் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார். நான் ஒரு கேசட் வைத்திருந்தேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த கல்லூரி நண்பன் ரகு கொடுத்த கேசட் அது. லேபிள் கிழிந்துபோனதால் வாசித்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. ராக் இசைதான். ஆனால் நடுவில் கிட்டார், வெள்ளைக்காரர்களின் பழைய வயலின் கச்சேரியை யாரோ துரத்திக்கொண்டு வருவதுபோல ஓடும். கூடவே அவனுடைய பழைய எலக்ட்ரிக் கிட்டாரும், 'ஸ்வீப் பிக்கிங்' என்று தலைப்பிட்ட ஒரு ஜெராக்ஸ் தாளும். தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டாமல், தந்தி மீட்டும் வில்லையான பிக்கை வாசல் கூட்டுவதுபோல ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். இடது கை விரல்கள் ஒவ்வொரு சுரத்தையும் தொட்டவுடன் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் எல்லாம் சேர்ந்து கூழாகிவிடும். எனக்கு இரண்டு மாதம் கூழ்தான்.

அந்த வேகம் காதில் பிடிபடவில்லை. தீரப்போகிற பேட்டரியைப் போட்டால் டேப் மெதுவாக ஓடும் என்று கண்டுபிடித்து, வீட்டு டார்ச்லைட்டின் பழைய பேட்டரிகளையெல்லாம் சேகரித்தேன். (இதனால் நான் கற்றதெல்லாம் சுருதி கீழே இறங்கியிருந்தது. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.) கேசட்காரர் ஓட்டிய ஸ்கேல் நம்முடைய கீரவாணி ராகம்தான் என்று புரிந்த அன்று, ஐரோப்பாவையே பிடித்துவிட்டதுபோல தோட்டத்தைச் சுற்றி நடந்தேன்.

"காதைக் குடையுதுடா சாமி, அக்கட்டால போய் வாசி" என்றாள் அம்மா. அக்கட்டால என்பது கோழி ஷெட்டை ஒட்டிய தீவன ரூம். வெறும் எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் கொசு அளவுதான், கோழிகள் கண்டுகொள்ளவில்லை. பிறகுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டை ரேடியோ மெக்கானிக் ஒருவர் பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் செய்துகொடுத்தார்.

"சத்தம் கொஞ்சம் கிழியுமுங்க" என்று வருத்தப்பட்டார்.

"ராக்குக்குக் கிழியத்தானுங்க வேணும்" என்றேன்.

அப்பா வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், கரண்ட் வந்ததும் வால்யூமை முழுக்கத் திருகினேன். தாளில் கடைசியாக இருந்தது டிமினிஷ்டு ஆர்ப்பெஜியோ. ஒரே உருவத்தை கிட்டார் கழுத்தில் மூன்று மூன்று கட்டமாக மேலே ஏற்றிக்கொண்டே போக வேண்டும். கேட்பவருக்கு ஏதோ நடக்கப்போகிறது என்ற பதற்றம் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் படபடவென்று பெரிய ஓசை கேட்டது. அதைக் கைதட்டல் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது முட்டை பொறுக்கும் பழனியம்மாள் வாசலில் நின்றாள். தலையெல்லாம் இறகு.

"சின்னவரே, கோழியெல்லாம் ஒரே மூலையில ஒன்னு மேல ஒன்னு ஏறிக்கிச்சுங்க!"

இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. இருவரும் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தோம். அடியில் இருந்த பதினொன்று எழவில்லை. பழனியம்மாளைக் கும்பிட்டு வாயை மூடவைத்தேன். அப்பா வந்ததும், "திடீர்னு செத்துக் கிடந்துச்சுங்கப்பா" என்றேன். என் வாழ்க்கையின் மிக மோசமான வாக்கியம் அதுதான்.

மறுநாள் முட்டை பாதியாகக் குறைந்தது. செத்த கோழியும் குறைந்த முட்டையும் சேர்ந்தால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம், வெள்ளைக்கழிச்சல். ஒரு வாரத்தில் ஷெட்டையே காலியாக்கும் நோய். அப்பா சாப்பிடவில்லை. மதியம் கால்நடை டாக்டர் வந்தார். அவர் பின்னால் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் இழவுக்கு வந்ததுபோல வந்தார்கள்.

டாக்டர் ஒரு கோழியை அறுத்துப் பார்த்தார். "நோயி மாதிரி தெரியல. ஆனா காரணம் தெரியற வரைக்கும் இந்தப் பக்கம் எந்தப் பண்ணையிலயும் ஒன்னும் உள்ள வெளிய போகக் கூடாதுங்க."

பக்கத்துப் பண்ணை பொன்னுசாமி அந்த வாரம்தான் குஞ்சு இறக்கியிருந்தார். "எம்பட குஞ்செல்லாம் போயிருமுங்களா டாக்டர்?" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைந்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தானுங்க" என்றேன்.

அப்பா திரும்பினார். "நீ என்ன பண்ணுன?"

"டிமினிஷ்டு ஆர்ப்பெஜியோ வாசிச்சனுங்கப்பா."

டாக்டர் முகம் சுருங்கியது. "அதென்ன மருந்துங்க? எத்தன மில்லி குடுத்தீங்க?"

விளக்கினேன். நம்பவில்லை. "எங்க, கொஞ்சமா வாசிங்க, பாக்கலாம்" என்றார். எட்டுப் பேர் சூழ்ந்து நிற்க, சத்தத்தைக் குறைத்து ஒரே ஒரு வீச்சு வாசித்தேன். அன்று பார்த்து அது கூழாகவில்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுந்தது. கம்பி வலைக்குப் பின்னால் இரண்டாயிரம் கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தன. எல்லாம் மூலையைப் பார்த்தன.

"போதும், போதுமுங்க!" என்றார் டாக்டர். சீட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'காரணம்: கிட்டார்.'

பொன்னுசாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப சாமி" என்று அழுதார். என் வாசிப்பைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டவர் அவர் ஒருவர்தான். அப்பா திட்டவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ராசிபுரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அவர்களும் கோழிப்பண்ணை. கதை எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. வருங்கால மாமனார் படிப்பைக் கேட்கவில்லை (இரண்டு பேப்பர் அப்போதும் பாக்கிதான்). "மாப்ள இப்பவும் வாசிக்கிறாருங்களா?" என்று மட்டும் கேட்டார். "நிறுத்திப்போட்டானுங்க" என்றார் அப்பா. உடனே தட்டை மாற்றினார்கள்.

போன வருடம் என் மகள் வீணை வகுப்பில் சேர்ந்தாள். செய்தி போன அன்று சாயங்காலமே மாமனார் போன் செய்தார்.

"ரொம்ப சந்தோசமுங்க மாப்ள" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அதுக்கு கரண்ட் கனெக்‌ஷன் ஏதாச்சும் உண்டுங்களா?"