சிங்கப்பிடரிக்கு முடிவெட்டியவர்

“சமையல் எல்லாம் ஒரு வேலையா? நானே செஞ்சு காட்டறேன். சொதப்பினா மீசையை எடுத்துடறேன்!”

மைத்துனனிடம் இப்படி வாயை விட்டது போன ஞாயிறு. இருபது வருடம் எண்ணெய் தடவி முறுக்கி வளர்த்த மீசை. ஊருக்கே முடிவெட்டும் அந்த மனிதருக்கு அதுதான் கடையின் பெயர்ப்பலகை.

இன்று ஒரு மணிக்கு மைத்துனன் சாப்பிட வருகிறான். வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த சிங்கப்பிடரிக் காளான் பொட்டலத்தை மனைவி பிரித்து, ஒன்றைப் பலகைமேல் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். வெள்ளை வெளேரென்று, தலைகொள்ளாத முடியோடு உட்கார்ந்திருந்தது காளான்.

நம்மவருக்குக் கை பரபரத்தது. நுரை வராத குறையாக அலசினார். துண்டால் துவட்டினார். சீப்பும் கத்தரிக்கோலும் எடுத்து, தொங்கிய இழைகளை ஒட்ட வெட்டிக் குப்பையில் போட்டார். இல்லாத காதோரத்தைக்கூட ஒதுக்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமிருந்த மொட்டை, வாணலியில் தண்ணீர் கக்கிக்கொண்டு மிதந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, இதோட முடி எங்கே?”

“வெட்டிட்டேன். சாப்பாட்டுல முடி கிடந்தா நல்லாவா இருக்கும்?”

“ஐயோ, அதைத்தாங்க திங்கணும்!”

அவர் கை தானாக மீசைக்குப் போனது.

“எப்படியாவது காப்பாத்து. நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்.”

“என்ன சொன்னாலுமா?”

“என்ன சொன்னாலும்!”

அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இன்னொரு காளானை எடுத்தாள்.

“ரெண்டு இருந்துச்சு. உங்களைத் தெரியாதா எனக்கு?”

கையால் பிய்த்து வெறும் வாணலியில் போட்டாள். கனமான மூடியை வைத்து அழுத்தி, தண்ணீர் சுண்டிய பிறகே வெண்ணெயும் பூண்டும் மிளகும் சேர்த்தாள். வீடே மணத்தது.

மைத்துனன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். “மாமா, உங்க மீசைக்கு ஆயுசு கெட்டி!”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு மனைவியை நன்றியோடு பார்த்தார்.

அவள் தம்பியிடம் சொன்னாள்: “இந்தக் கைப்பக்குவத்தை வீணாக்கலாமாடா? இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் எல்லாம் மாமாதான். அவரே ஒத்துக்கிட்டார்.”

“இல்ல மாப்ளே, இதை நான்...” என்று ஆரம்பித்தவர், மைத்துனனின் பார்வை மீசைமேல் விழுவதைக் கண்டார்.

“...நான்தான் செஞ்சேன்” என்று முடித்தார்.

அடுத்த ஞாயிறு, வெங்காயம் நறுக்கும்போது முதலில் நனைந்தது அந்த மீசைதான்.