மூன்று வாய்வழி ஒரு செய்தி

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

நலம். தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமென்பதையும், குறிப்பாகத் தங்கள் தாயாரின் தொண்டைக்கு எக்குறையும் இல்லையென்பதையும் இன்று காலைத் தொலைபேசியில் அறிந்தேன்.

செய்தித்தொடர்பில் பயன்படும் பிழைதிருத்தக் குறியீடுகளைக் கல்லூரியில் கற்பித்தே தலை நரைத்தவன் நான். இரைச்சல் மிகுந்த வழியில் செய்தி சிதையும்; ஆகவே ஒன்றையே மும்முறை அனுப்பு, பெரும்பான்மை சொல்வதை நம்பு என்பது அதன் அரிச்சுவடி. தொலைவூர்ப் பள்ளியில் தலைமையாசிரியைப் பதவி கிடைத்த தங்கள் அக்காவிடம், "அப்ப நான் என்ன, வீட்டுக்குக் காவலா?" என்று நான் கேட்டுத் தொலைத்ததும், அவள் தங்கள் வீட்டுக்கு வந்து என் அழைப்புகளை எடுக்க மறுப்பதும் தாங்கள் அறிந்ததே. வெள்ளிக்கிழமைக்குள் அவள் பள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எனவே, "வேலையை ஏற்றுக்கொள், நானும் உடன் வருகிறேன்" என்ற செய்தியைத் தங்களிடமும், தங்கள் துணைவியாரிடமும், தங்கள் தாயாரிடமும் தனித்தனியே ஒப்படைத்தேன். ஒருவர் சொதப்பினாலும் இருவர் காப்பாற்றுவர் என்பது கணக்கு. மூவரும் ஒரே சோபாவில் அமர்ந்து அதை அலசுவீர்கள் என்பது கணக்கில் இல்லை. பிழைகள் ஒன்றையொன்று அறியாதிருந்தால்தான் ஐயா, பெரும்பான்மைக்கு மதிப்பு. அவை கூடி உட்கார்ந்து தேநீர் குடித்தால் போச்சு! தாங்கள், "அத்தான் போகச் சொல்லிட்டார்க்கா" என்றீர்களாம். தங்கள் துணைவியார், "போனா போகட்டும்னார் அண்ணி" என்றாராம். தங்கள் தாயாரோ, "அவர் இனிமே தனியாவே இருந்துக்கிறாராம்டி" என்று முத்தாய்ப்பு வைத்துவிட்டு, "பக்குவமாத்தான் மாப்ள சொன்னேன், அவ ஏன் அழுவுறான்னே தெரியல" என்று என்னிடமே வியக்கிறார். நான் கூட வர்றேன்னு சொன்னேனே, அந்தப் பாதி எங்கய்யா போச்சு? மூணு பேர்ல ஒருத்தர் வாயிலயாவது ஒட்டியிருக்கக் கூடாதா? வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட வேலையை அவள் வேண்டாமென்று எழுதப்போகிறாளாம்.

இனித் தங்கள் குடும்பத்தார் வழியே குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றுகூடச் சொல்லியனுப்ப மாட்டேன். குழந்தைகளுக்கு ஆசிகள், பெரியவர்களுக்கு வணக்கம், சற்றுத் தள்ளி நின்று.

இப்படிக்கு,
கோபம் தணியாத தங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் அழைப்புமணி அடித்தது. தங்கள் அக்கா, கையில் பையுடன். "அடுப்புப் பத்த வைக்கவே என்னைக் கூப்பிடுற மனுஷன், தனியா இருந்துக்கிறேன்னு சொல்லியிருப்பீங்களா? என்ன சொன்னீங்க, இப்ப நீங்களே சொல்லுங்க" என்றாள். அனுப்பியிருக்கவே முடியாத செய்தி வந்தால், அனுப்பியவனிடமே திரும்பக் கேள் என்பதும் என் பாடத்தில் உண்டு. சொன்னேன், ஒரே முறை. பள்ளிக்குச் சம்மதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேற்கண்ட அனைத்தும் ரத்து. ஞாயிறன்று சாமான் கட்டத் தாங்கள் மூவரும் அவசியம் வரவும். தங்கள் தாயாருக்கு மட்டும் தாங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.