மாதம் நூற்றைம்பது பக்கம்

"அறுபதுன்னே எழுதிப்போடட்டுங்களா சார்?" என்று கேட்டாள் டைப்பிஸ்ட் ராமாமணி.

கோவையில் இருந்த அந்தச் சின்ன அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதனால் வேலை எவ்வளவு கூடியிருக்கிறது என்று சென்னைத் தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. மாதம் எத்தனை பக்கம் அச்சாகிறது என்பதுதான் அளவு. டைப்ரைட்டர் காலத்திலும் அறுபது பக்கம், இப்போதும் அறுபதுதான்.

"உள்ளதையே எழுது அம்மணி. மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்?" என்றார் சீனியர் கிளார்க் பாலகோபால்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'இத்தனை விலை கொடுத்தும் முன்னேற்றம் இல்லையா? மூன்று பிரதிகளில் விளக்கம் தருக.'

விளக்கம் பத்துப் பக்கம். மூன்று பிரதிக்கு முப்பது. அந்த மாதக் கணக்கு தொண்ணூறு ஆகிவிட்டது.

அடுத்த கடிதம் வந்தது. 'பாராட்டுகள்! வேலை ஒன்றரை மடங்கு. எனவே உங்கள் இருவரில் ஒருவர் உபரி. ராமநாதபுரத்துக்கு மாற்ற வேண்டியவர் பெயரைத் தெரிவிக்கவும்.'

கம்ப்யூட்டர் தெரிந்தவள் ராமாமணி. அப்படியானால் உபரி பாலகோபால்தான். அன்னூரில் அவருக்கு ஐந்து ஏக்கர் வாழை இருந்தது. தினமும் சாயங்காலம் பஸ் பிடித்துப் போய் அவர் மோட்டார் போட்டால்தான் அதற்குத் தண்ணீர். ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு யார் தலையில் தண்ணீர் விடுவது?

"கூடின முப்பது பக்கமும் உங்களுக்கு எழுதின விளக்கந்தான்னு வெளக்கமா எழுது அம்மணி!"

"அதும் பக்கந்தானுங்களே சார்?"

"எதுத்துப் பேசாம அடி அம்மணி!"

விளக்கம் இருபது பக்கம். வாழையின் வரலாறு தனியாகப் பத்து. மூன்று பிரதிக்குத் தொண்ணூறு.

அந்த மாதம், கடிதங்களை எழுதிய அதிகாரி லட்சுமிநாராயணனே சென்னையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். எச்சில் தொட்டுத் தொட்டுக் கோப்பின் பக்கங்களை எண்ணினார்.

"நூத்தம்பது! ரெண்டரை மடங்கு! மாநிலத்துலயே நீங்கதான் முதல். கை குடுங்க."

"ஏனுங்க சார், அதுல தொண்ணூறு பக்கம் நான் உங்ககிட்ட அழுததுங்க!"

"அழுதாலும் அச்சு அச்சுதான். என்ன எழுதியிருக்குன்னு படிக்கறதுக்கு எங்க படிவத்துல கட்டமே இல்லை."

நீட்டிய கையில் மாற்றல் உத்தரவை வைத்தார். பாவம், அவர் முகத்திலும் அவ்வளவாகச் சிரிப்பில்லை.

பாலகோபால் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. ஜீப்பின் பின்னால் அதிகாரியின் பெட்டி படுக்கையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த டிரைவர் பீர் முகம்மதுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பஸ்ஸுக்குக் காசு செலவு பண்ணாதீங்கண்ணே, இதுலயே ஏறிக்குங்க. சாரும் நாளைக்கு ராமநாதபுரத்துலதான் ஜாயின் பண்றாரு. உங்களுக்குப் போட்ட லெட்டரையெல்லாம் சென்னையிலயும் எண்ணிட்டாங்க!"