வாகை மரத்தடி ஏலம்

2009 செப்டெம்பர் 15, செவ்வாய்க்கிழமை. என் நாட்குறிப்பில் இருப்பது இதுதான். காலையில் வழக்கம்போல் முதல் ஆளாகப் போய் டிப்போவின் பெரிய கதவைத் திறந்தேன். கரும்பலகையில் அன்றைய ஓட்டங்களை எழுதினேன். கிரான் பஸ், வீதியில் படுத்திருந்த மாடுகளால் தாமதம். மத்தியானம் சோறும் திரளி மீன் குழம்பும். வாவியில் காற்றில்லை. கடைசி வரி மட்டும் வழக்கமானதல்ல: "ஏலக்காரர் மாலை பஸ்ஸில் பதுளை போகிறார்."

இலஞ்சத்தை ஒளித்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். வாங்காமல் விட்டவர்களையும் தெரியும். வாங்கி வைத்து, மணியடித்து, ஊரைக் கூட்டி, கூவி விற்றவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் மட்டக்களப்பு டிப்போவில் இருந்தார்.

எங்கள் கம்பனி பெரியது. பஸ்களும் லொறிகளுமாக நாடு முழுக்க ஓடியது. தலைமை அலுவலகம் கொழும்பில். மட்டக்களப்பில் எந்தச் சாரதி எந்த ஓட்டம் போவது, யாரிடம் ரயர் வாங்குவது என்பதையெல்லாம் தீர்மானித்தவர் ஏலக்காரர். நான் பக்கத்து மேசை எழுத்தர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார். வருடா வருடம் கோயில் திருவிழாவில் வாழைக்குலையும் சேவலும் ஏலம் கூறிப் பழகிய தொண்டை. அவர் சாதாரணமாகப் பேசினாலே வாவிக்கு அக்கரையில் வவுணதீவுப் பக்கம் கொக்குகள் எழும்பிப் பறக்கும்.

அவர் இருந்த கதிரையைத் தேடிச் சாமான்கள் வந்துகொண்டே இருக்கும். தயிர்ச்சட்டி வரும், தேன் போத்தல் வரும், உயிரோடு கோழி வரும். ஒன்றையும் மறுக்கமாட்டார்.

"ஏன் அண்ணன் வாங்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேணாமெண்டா இன்னொருத்தனிட்டக் கொண்டு போவான் கா. நான் வாங்கினாத்தான் பயப்பிடுவான்."

பயப்படக் காரணம் இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ் புறப்படுமுன், வாகை மரத்தில் தொங்கிய பழைய சில்லு றிம்மில் இரும்புக் கம்பியால் அடிப்பார். சாரதிகள், கொண்டக்டர்கள், பஸ்ஸுக்கு நிற்கும் சனம் எல்லாம் கூடும். சாமானை உயர்த்திப் பிடித்து, கொண்டு வந்தது யார், கேட்ட காரியம் என்ன, ஆரம்ப விலை எவ்வளவு என்று கூவுவார். ஒருதரம். ரெண்டுதரம். மூன்றாம் தரம் சொல்லுமுன் மட்டும் வாயை மூடிக்கொண்டு வாசலைப் பார்ப்பார். கொண்டு வந்தவர் வந்து, கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டால் சாமானைச் சும்மா எடுத்துப் போகலாம்.

"ஆளுக்கு வெக்கம் வர நேரம் குடுக்கணும்" என்பார்.

ஏலக் காசு டிப்போவின் தேத்தண்ணிக்கு. இதனால் ஒரு சிக்கல் உண்டானது. நாளடைவில் யாரும் எதுவும் கொண்டுவராமல் போகவே, தேத்தண்ணி நின்றுவிட்டது. மெக்கானிக்மார் கூட்டமாக வந்து முறையிட்டார்கள்.

"அண்ணன், நாலு நாளா வாய் காயிது. ஒருத்தனும் ஒரு அநியாயமும் கேட்டு வாறானில்ல."

"பொறுங்க மனே" என்றார் ஏலக்காரர். "மனிசரில நம்பிக்கை வையுங்க."

நம்பிக்கை வீண்போகவில்லை. அடுத்த நாளே ஒரு கொண்டக்டர் பன்புல்லில் இழைத்த பை நிறைய நண்டு கொண்டு வந்தார். இரவில் பை அவிழ்ந்து நண்டுகள் அலுவலகம் முழுக்கப் பரவின. காலையில் ஏலக்காரர் மேசைக்குக் கீழே தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்தார். நான் கதிரை மேல் ஏறி நின்று திசை காட்டினேன். ஏலத்தில் எதையும் மறைக்காமல் அறிவித்தார்: "நண்டு பதினொண்டு! பன்னிரண்டாவது தலைமறைவு. பிடிபட்டா வாங்கினவருக்குச் சேரும்." யுத்தம் நடந்த அந்த நாட்களில் டிப்போ வாசலிலேயே காவலரண் இருந்தது. அங்கு நின்ற சிப்பாய் மறுகா மறுகா விசாரித்து, தலைமறைவானது நண்டுதான் என்று உறுதியான பிறகே எங்களை விட்டார்.

பழைய ரயரைப் புதிது என்று தள்ளிவிடப் பார்த்த ஒரு வியாபாரி பட்டுச் சேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சேலை மரத்தடியில் விரிந்ததும், செங்கலடி பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இது எனக்கெண்டு வீட்ட கொண்டு வந்து காட்டின சேலை. இஞ்ச என்ன செய்யிது?"

"நீங்க ஆர் புள்ள?"

"ரயர்க்காரர்ர பொஞ்சாதி."

ஏலக்காரர் சேலையை மடித்து அவர் கையில் கொடுத்தார். அதன்பின் அந்த வியாபாரி எங்களுக்கு விற்ற ரயரெல்லாம் புத்தம் புதியவை. கம்பனி எத்தனை சுற்றறிக்கை அனுப்பியும் நடக்காத காரியம்.

இனி சிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றும் கொண்டுவராத ஒரே சாரதி அவர். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அவர் கம்பனி லொறியோடு கொழும்பில் நின்றார். கல்லடிக்குத் திரும்பியபோது வீடில்லை, மனைவியில்லை. ஒரு மகள் மட்டும் மிஞ்சியிருந்தாள். அதன்பின் தகப்பன் வீட்டுக்கு வரும்வரை அந்தப் பிள்ளை இரவில் கண் மூடுவதில்லை. யாரும் கேட்காமலே ஏலக்காரர் சிவத்தைச் செங்கலடி ஓட்டத்தில் போட்டார். இருட்டுமுன் முடிகிற ஓட்டம் அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்தது. காவலரண்கள் குறைந்தன. கொழும்புக்கு இரவு பஸ் தொடங்கினார்கள். அதற்குச் சாரதியாக வந்தவர் எங்கள் வட்டார மனேஜரின் மருமகன். இரண்டு கிழமையில் அவருக்கு நித்திரை போதாமல் போய்விட்டது. செங்கலடி ஓட்டம் அவருக்கு வேண்டும், சிவம் இரவு பஸ்ஸுக்குப் போகவேண்டும். மனேஜர் தானே நேரில் வந்தார். பளபளக்கும் கைத்தொலைபேசி ஒன்றை ஏலக்காரரின் மேசையில் வைத்தார்.

"இனி என்னோட நேரா பேசலாம். நம்பர் என்ட மருமகனுக்கும் குடுத்திருக்கு" என்றார். அன்றிரவு ஊரிலேயே ஒரு விடுதியில் தங்கினார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. வழக்கம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஏலக்காரருக்கு ஒன்றுதான்.

காலையில் றிம் ஒலித்தபோது மனேஜர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார், ஏதோ பூசை என்று நினைத்து.

"புதுப் போன்!" என்று தொடங்கியது குரல். "தந்தவர் எங்கட வட்டார மனேஜர் ஐயா. கேட்ட காரியம், சிவத்தைத் தூக்கி இரவு பஸ்ஸில போடுறது. ஆரம்ப விலை பத்து ரூபா!"

கூட்டத்தின் பின்னாலிருந்து நண்டுக் கொண்டக்டர் மெல்லச் சொன்னார்: "பத்து."

"பத்து ரூபா, ஒருதரம்!"

போன் அடித்தது. ஏலக்காரர் அதைக் காதில் வைத்தார். அவர் பேசியது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"ஓம், சொல்லுங்க... ஓம், மாமா இஞ்சதான் நிக்கிறார்... இல்ல மனே, அலுவல் இன்னும் முடியல்ல. ஒருதரம்தான் சொல்லியிருக்கன்... நீங்களும் விலை கேக்கிறீங்களா?"

சிரிக்காமல் இருப்பதற்காக நான் வாகை மரத்தின் இலைகளை எண்ணத் தொடங்கினேன். ரெண்டுதரமும் சொல்லியாயிற்று. வாசலுக்குப் பதிலாக அவர் மனேஜரின் முகத்தைப் பார்த்தார். குரலை வழக்கத்துக்கு மாறாகத் தாழ்த்தினார்.

"இப்பவும் எடுத்திட்டுப் போகலாம் ஐயா. காசு வேணாம். கேட்டதை விட்டாச் சரி."

மனேஜர் விடவில்லை. ஆயிரம் ரூபாய்த் தாளொன்றை எறிந்துவிட்டு, தன் போனைத் தானே வாங்கிக்கொண்டு போனார். அன்று டிப்போவில் எல்லோருக்கும் பால் தேத்தண்ணி.

சிவம் செங்கலடி ஓட்டத்திலேயே இருந்தார். ஏலக்காரருக்குப் பதுளைக் கிளைக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு அவர் சொன்னது: "குளிரான இடம். வாற சாமான் பழுதாகாது."

செப்டெம்பர் 15 மாலை, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். மறுநாள் முதல் அவருடைய கதிரை எனக்கு. ஒரு தயிர்ச்சட்டியை என் முன்னால் வைத்தார்.

"என்ன அண்ணன் இது?"

"லஞ்சம்."

நான் கதிரையைப் பின்னால் தள்ளினேன்.

"சிவத்தைச் செங்கலடி ஓட்டத்தில இருந்து மாத்தக்கூடாது. அதுக்கு."

"இது இல்லாமலே மாத்தமாட்டனே."

"இண்டைக்கு மாத்தமாட்டீங்க. நாளைக்கோ மறுநாளோ மனேஜர் போன் எடுப்பார். மேலிடத்துப் போன் வந்தா உங்கட குரல் எப்பிடிச் சுருங்குமெண்டு பக்கத்து மேசையில இருந்த எனக்குத் தெரியாதா?"

எனக்கும் தெரியும்.

"காலம்பற இதை மரத்தடியில ஏலம் போடுங்க. ஆர் தந்தது, என்ன கேட்டது, எல்லாம் சத்தமாச் சொல்லணும். இவ்வளவு சனமும் கேட்ட பிறகு, நீங்க நினைச்சாலும் மாத்த ஏலாது."

"எனக்குக் கூவ வராது அண்ணன்."

"முதல் தரம்தான் கஷ்டம். ரெண்டாம் தரத்தில வந்திரும்" என்றார். குடையை எடுத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினார்.

செப்டெம்பர் 16, புதன்கிழமை. கரும்பலகையில் எழுதுமுன், முதல் வேலையாக வாகை மரத்தடிக்குப் போய் றிம்மில் அடித்தேன். சனம் கூடியது. சிவம் செங்கலடி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். தயிர்ச்சட்டியை உயர்த்தினேன்.

"தந்தவர் ஏலக்காரர். கேட்ட காரியம், சிவம் இருட்டுமுன் வீட்டுக்குப் போகணும்."

ஒருதரம் சொன்னது முன்வரிசைக்கே கேட்டிராது. ரெண்டுதரம் காவலரண் இருந்த இடம் வரைக்கும் கேட்டது. மூன்றாம் தரம் சொல்லுமுன், அவரைப் போலவே வாயை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தேன். அவர் வழக்கமாகப் பார்க்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டு நின்றேன்.