மலைமேல் மாமனாரைக் காணோம்

மாமனாரோடு சண்டை போட்ட மருமகன்கள் ஊருக்கு ஊர் உண்டு. பைக் கேட்டு முறுக்கிக்கொண்டவர்கள், பந்தியில் தனக்கு முதல் இலை போடவில்லை என்று எழுந்து போனவர்கள், எல்லாரையும் எனக்குத் தெரியும். மாமனாரையே துடைத்து எடுத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் தட்டு மாற்றுவதற்கு முன்பே.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு வேலை. பழைய படச்சுருள்களை ஸ்கேன் செய்து, கீறல், தூசி, கறை எல்லாம் நீக்கி, வீட்டு டிவியில் பார்க்கிற மாதிரி ஃபோர் கே டிஸ்க்காக மாற்றிக் கொடுப்போம். (எங்கம்மா அக்கம்பக்கத்தில் "எம் புள்ள சினிமாவுல கீறான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மீதியை அவரவர் கற்பனைக்கு விட்டுவிடுவார்.) வேலையில் நான் கெட்டிக்காரன். இதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பழிவாங்கும் படம் எங்களிடம் வந்தது. அண்ணனைக் கொன்றவர்களைத் தம்பி ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துத் தீர்த்துக்கட்டுகிற கதை. பெயரைச் சொன்னால் படத்தின் உரிமைக்காரர் என்னைத் தேட ஆரம்பித்துவிடுவார், வேண்டாம். அதன் கடைசிக் காட்சி முழுக்க ஜவ்வாது மலையில் எடுத்தது. எனக்குப் பெண் பார்த்திருந்ததும் அதே மலையில்தான், புதூர்நாட்டுப் பக்கம். பெண் சுமதி, வாணியம்பாடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஆலங்காயத்துக்காரனான என்னை எப்படியோ அவளுக்கும் பிடித்துப்போய், போனில் பேசிக்கொண்டிருந்தோம்.

"இப்ப எந்தப் படம் தொடைக்கிறீங்க?" என்றாள் ஒருநாள். சொன்னேன்.

"ஐயோ, அதுல எங்கப்பா கீறாரு! கடைசி சீன்ல வருவாரு. அப்ப ஷூட்டிங்காரங்கள ஜீப்ல மலைக்கு ஏத்திக்கினு வந்ததே அவருதான்."

"எந்த எடத்துல?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபுடிங்க பாக்கலாம்."

கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. வில்லனின் ஜீப்பில், அடியாட்களுக்கு நடுவே, கதவு அகலத்துக்கு மீசை வைத்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பெண் பார்க்கப் போனபோது பார்த்திருந்தேன், சுமதியின் அப்பா கோவிந்தனுக்கும் பெரிய மீசைதான். போதாதா? அந்த மீசையை நான் பராமரித்த மாதிரி உலகத்தில் எந்த நாவிதரும் பராமரித்திருக்க மாட்டார். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மலையும் வானமும் மட்டும் வருகிற காட்சிகளை மென்பொருளிடம் ஒப்படைத்து, தூசி நீக்கும் அளவை முழுசாக ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். காலி மலையில் பார்க்க என்ன இருக்கிறது?

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டில். ஞாயிறு சாயங்காலம் ராகு காலம். அது முடிந்த பிறகுதான் தட்டு மாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த இடைவெளியில் வருங்கால மாமனாருக்கு அவர் படத்தைப் புத்தம்புதுசாகப் போட்டுக் காட்டி அசத்துவது என் திட்டம். ஸ்டுடியோவில் கேட்டுச் சோதனை டிஸ்க் ஒன்றும் பிளேயரும் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டுப் பெரிய டிவியைக் கழற்றிப் போர்வையில் சுற்றினேன். கோவிந்தன் மாமாவே ஜீப் கொண்டுவந்து எங்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். வளைவுக்கு வளைவு எங்கம்மா பட்டுப்புடவையோடு டிவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார்.

"ராகு காலத்துல புதுசா எதுவும் ஆரம்பிக்காதடா" என்றார்.

"இது பழைய படம்மா" என்றேன். (அந்தப் பதிலுக்கு நானே சிரித்தும் கொண்டேன்.)

கூடம் நிரம்பியது. வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நேராகக் கடைசிக் காட்சிக்குப் போனேன். டிவியில் மலை வந்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. இலை இலையாகத் தெரிகிறது என்றார்கள். "மாப்ள, இன்னாமா பண்ணிக்கீறீங்க!" என்று மாமா என் முதுகில் தட்டினார். வில்லனின் ஜீப் திரும்பியது. மீசை வந்தது. படத்தை நிறுத்தி, எழுந்து நின்று, விரலை நீட்டினேன்.

"மாமா, இதோ நீங்க!"

யாரும் கைதட்டவில்லை.

"அவன் ஏகாம்பரம்" என்றார் மாமா. "என் ரூட்டுல ஜீப் ஓட்டிக்கினு வந்து என் ஆளுங்கள ஏத்திக்கினு போவானே, அவன்."

சுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "படத்த ஓட்டுங்க, இனிமேதான் அப்பா வருவாரு" என்றாள். ஓட்டினேன். கதாநாயகன் பாறைக்குப் பின்னால் கடப்பாரையோடு பதுங்கியிருக்கிறான். வில்லன் வருகிறானா என்று அவனுக்குத் தெரியாது. தலையைத் தூக்கி எதிர் மலையைப் பார்க்கிறான். சுமதியின் தம்பி விசிலுக்குத் தயாராக விரலை மடித்து வாயில் வைத்தான். பின்வரிசைப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். இந்த இடத்துக்காகவே இந்தக் குடும்பம் இத்தனை காலமாக இந்தப் படத்தைப் பார்த்து வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டிவியில் மலை வந்தது. சுத்தமான மலை. குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட மாதிரி ஒரு மலை. அதில் ஒரு ஈ காக்கை இல்லை. கதாநாயகன் அந்த மொட்டை மலையைப் பார்த்து நன்றியோடு தலையாட்டிவிட்டு, திரும்பிப் பாறையைக் கடப்பாரையால் நெம்பி உருட்டினான். வில்லன் செத்தான். மச்சான் வாயிலிருந்து விசிலுக்குப் பதில் காற்றுதான் வந்தது.

"திருப்பிப் போடு" என்றார் மாமா. போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், தோளில் கிடந்த துண்டால் திரையைத் துடைத்துப் பார்த்தார்.

"மலை கீது. நான் எங்க?"

விஷயம் இதுதான். மலை உச்சியில் நின்று, வில்லன் ஜீப் வருகிறது என்று வெள்ளைத் துண்டை ஆட்டிக் கதாநாயகனுக்குச் சைகை காட்டுகிறவர் மாமா. ஏற வேண்டிய நடிகர் உயரத்தைப் பார்த்துப் பயந்துவிட, ஜீப் ஓட்டி வந்தவரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். காக்கிச் சட்டை பாறையோடு பாறையாகிவிட, திரையில் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி. துண்டு மேலே போனால் புள்ளி தெரியும், கீழே வந்தால் மறையும். எங்கள் மென்பொருளுக்குத் தூசி என்றால் அதுதான்: திடீரென்று தோன்றி, உடனே மறைகிற வெள்ளைப் புள்ளி. கண்ட இடத்தில் எடுத்துவிட்டு, பக்கத்து ஃப்ரேமிலிருந்து பாறையை எடுத்து ஒட்டுப்போட்டுவிடும்.

இதை நான் அங்கே விளக்கியிருக்கக் கூடாது. ஆனால் நான்தான் கெட்டிக்காரனாயிற்றே!

"ஒண்ணுமில்ல மாமா. உங்கள அழுக்குன்னு நெனச்சி மெஷின் எடுத்துடுச்சி."

சொந்தபந்தம் மொத்தமும் கேட்டது. வாசலில் நின்றவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

"நான் அழுக்கா?" என்றார் மாமா. "தம்பி, நான் அழுக்கா?"

காலையிலிருந்து 'மாப்ள'யாக இருந்தவன் 'தம்பி' ஆகிவிட்டேன். ராகு காலம் முடிந்துவிட்டது, ஆனால் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. எங்கம்மா வெற்றிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். சுமதி கிடைக்காமல் போய்விடுவாளோ என்று முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

அவள்தான் பேசினாள். "அப்பா, தொடச்சவருதான திரும்பி வெக்கணும்? இவர வாணான்னு அனுப்பிட்டா, வேற எந்த மாப்ள வந்து உன்ன மலை மேல ஏத்துவான்?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. மொதல்ல நான் மலை மேல ஏறணும். அப்பறம்தான் தட்டு."

கோபித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் எப்படிக் கிளம்புவது? அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வாசலில் நின்ற ஒரே ஜீப் அவருடையது. ஆகவே கோபித்துக்கொண்டவரே கோபித்துக்கொள்ளப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினார். முன் சீட்டில் நான், பின்னால் டிவியோடு எங்கம்மா, அவருக்குப் பக்கத்தில் மாற்றாத தட்டு. எல்லா வளைவுகளிலும் வாழைப்பழச் சீப்பு உருண்டு என் காலடிக்கு வந்தது. ஆலங்காயத்தில் எங்களை இறக்கிவிட்ட பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ரெண்டு வாட்டி மேல, ஒரு வாட்டி பக்கத்துல. துண்ட அப்படித்தான் ஆட்டுவேன். மறந்துராத."

சென்னைக்குப் போனதும் துடைக்காத மூல ஸ்கேனைத் திறந்து அந்த மலையைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். இத்தனை காலம் யார் கண்ணிலும் படாதது அதில் இருந்தது. புள்ளிக்குக் கீழே ஒரு மனிதர். என்னைவிடச் சின்னவர். சுடுகிற பாறையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டு துண்டை ஆட்டுகிறார். அவ்வளவு தூரத்துக்குக் கத்தல் கேட்காது, கேமராவில் முகமும் தெரியாது. அது தெரியாமலோ, தெரிந்தும் அடக்க முடியாமலோ, முழு மூச்சாக நடித்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மென்பொருளை மூடிவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமாக, கையாலேயே அவரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினேன். ரெண்டு வாட்டி மேல, ஒரு வாட்டி பக்கத்துல. (ஆபீஸில் இதை 'கடைசிச் சரிபார்ப்பில் நான் கண்டுபிடித்த பிழை' என்று சொன்னேன். மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். மறுக்கவில்லை.)

அடுத்த ஞாயிறு மறுபடி அதே ஜீப், அதே டிவி, அதே பட்டுப்புடவை. மலை வந்தது, துண்டு வந்தது. மச்சான் அடித்த விசிலில் வாசலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாமா திரையையே பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், "தட்ட எடுங்க மாப்ள" என்றார்.

டிஸ்க் வெளியாகி, கல்யாணமும் முடிந்து, எங்கள் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாமியார் வீட்டில் கரண்டி காணாமல் போனாலும், வர வேண்டிய பஸ் வராவிட்டாலும், "மாப்ள தொடச்சிட்டாரா பாருங்க" என்பதுதான் முதல் பேச்சு. எனக்குப் பழகிவிட்டது. பிரச்சினை என் மகளுக்குத்தான். லீவுக்கு மலைக்குப் போனால் நாள் முழுக்க மண்ணில் புரண்டுவிட்டு வருவாள். மாமா அவளை வாசலிலேயே நிறுத்தி, ரகசியக் குரலில் சொல்வார்:

"இந்த அழுக்கோட ஒங்கப்பன் எதிர்ல போய் நிக்காத கண்ணு. என்னத் தொடச்ச மாதிரி ஒன்னயும் தொடச்சிடுவான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், பின்கட்டுக்கு ஓடுவாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கூப்பிடாமலே குளிக்கப் போகிற குழந்தை அவள் ஒருத்திதான்.