ஏழுமலைக்கு நான் எழுதிய நன்றிச் சீட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. மறதி வேறு. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நன்றி சொல்லியே ஒருத்தன் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தவள் பெசன்ட் நகரில் நான் ஒருத்திதான் இருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

மகள் கல்பனா வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறேன். போன வருஷம் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் திடீரென்று நன்றியுணர்ச்சி பொங்கிவிட்டது. (அதுவரை கார் நிறுத்துகிற இடத்துக்குத்தான் உணர்ச்சி பொங்கும்.) செக்ரட்டரி சார் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். தினமும் யாருக்காவது நன்றி சொன்னால் பி.பி. இறங்குமாம், முகம் பளபளக்குமாம். லிஃப்ட் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்தார்கள், சீட்டு எழுதிப் போட.

"நம்ம வீட்டுலேர்ந்து ஒண்ணுகூடப் போகலைன்னா அசிங்கம். நீ எழுதும்மா" என்றாள் கல்பனா.

எழுதுவதென்றால் எனக்குச் சௌகரியம். வாய் திறக்கத்தான் கூச்சம். பஸ்ஸில் "வழி விடுங்க" என்று சொல்லக் கூசி, திருவான்மியூர் டெர்மினஸ் வரை போய்த் திரும்பியவள் நான். சீட்டைத் தபால் மாதிரி அவரவர் கையில் கொடுப்பார்கள் என்றுதான் நினைத்தேன். எல்லார் முன்னாலும் படிப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. (சொன்னேன் என்கிறாள் கல்பனா.)

உடனே வாட்ச்மேன் ஏழுமலைதான் ஞாபகம் வந்தான். இரண்டு தடவை எழுதிப் பார்த்து, நல்ல கையெழுத்தில் போட்டேன்:

"வாட்ச்மேன் ஏழுமலைக்கு நன்றி. வியாபாரிகள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று பலகை இருந்தும், மீன் கொண்டு வரும் தேசம்மாவுக்கு முட்டி வலி என்பதால், செக்ரட்டரி சார் பீச்சுக்கு நடக்கப் போனதும் கூடையோடு ஏற்றி விடுகிறார். பிறகு வாடை தெரியாமல் ஊதுபத்தி ஏற்றுகிறார். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. இப்படிக்கு, நாலாவது மாடி சரோஜா."

(சீட்டு என்பதால் 'ர்' போட்டு மரியாதை.) எழுத எழுத வேகம் வந்து இன்னும் மூன்று சீட்டு எழுதித் தள்ளினேன்.

ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் கூட்டம். செக்ரட்டரி சாரே படித்தார். சூரியனுக்கு நன்றி. தென்றலுக்கு நன்றி. இரண்டாவது மாடிக்காரர் பிரபஞ்சத்துக்கு நன்றி எழுதியிருந்தார். (அது எந்த மாடி என்று தெரியவில்லை.) அடுத்தது என் சீட்டு.

"வாட்ச்மேன் ஏழுமலைக்கு நன்றி" என்றதும் எல்லாரும் கை தட்டினார்கள். ஓரமாக நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஏழுமலை வெட்கத்தோடு கும்பிட்டான். செக்ரட்டரி சார் படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. ஏழுமலையின் கும்பிட்ட கையும் இறங்கியது. 'ஊதுபத்தி'யில் சார் நின்றுவிட்டார். பாவம், லிஃப்ட் ஏன் நாறுகிறது என்று சாக்கடையை மூன்று தடவை தோண்ட வைத்தவர் அவர். ஏழுமலையின் பக்தியை ஊரெல்லாம் மெச்சியவரும் அவர்தான்.

"டேய் ஏழுமலை! நீ..."

பயிற்சிப் பெண் கையைத் தூக்கியது. "சார், இங்க குறையே சொல்லக் கூடாது. எதுவா இருந்தாலும் நன்றியாச் சொல்லுங்க."

சார் சீட்டை நாலாக மடித்தார். "எட்டு மாசமா என்னை முட்டாளாக்கினதுக்கு நன்றி, ஏழுமலை. நாளைக்கே வேற வேலை பார்த்துக்கிட்டுப் போகப் போறியே, அதுக்கும் நன்றி."

"அருமை சார்!" என்று அந்தப் பெண் கை தட்டியது.

ஏழுமலையும் அவன் பெண்டாட்டியும் குடியிருப்பதே கீழே உள்ள வாட்ச்மேன் அறையில். வேலை போனால் வீடும் போச்சு. எப்படி எழுந்தேனோ, எழுந்துவிட்டேன்.

"சார், என்னுது இன்னும் மூணு சீட்டு ஜாடியில இருக்கு. தேசம்மா கூடைய எந்தெந்த வீட்டு வாசல்ல இறக்குறா, யாரு நண்டு கேக்குறாங்கன்னு, அவங்களுக்கும் நன்றி எழுதியிருக்கேன். அதையும் படிச்சிட்டு அப்புறமா இவன அனுப்புங்க."

(சத்தியமாகத் தந்திரம் இல்லை. பழி ஒருத்தன் தலையில் விழக்கூடாதே என்றுதான். கல்பனா இன்னும் நம்பவில்லை.)

பிரபஞ்சக்காரர் எழுந்து, "போதும் சார், டிபன் ஆறிடும்" என்றார். செக்ரட்டரி சாரின் மனைவி, "மழை வர்ற மாதிரி இருக்குங்க, கீழ போலாம்" என்றார். (ஏப்ரல் மாசம்.)

சார் ஜாடியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "ஏழுமலை, போய் மோட்டார் போடுப்பா" என்றார்.

மறுநாள் ஜாடியைக் காணோம். லிஃப்டுக்குள் அந்தப் பலகை மட்டும் இருக்கிறது. அதன் கீழேதான் தேசம்மா கூடையோடு நின்று மேலே வருகிறாள்.

ஏழுமலை என்னிடம் வந்து, "இன்னாம்மா, எம்மேல கோவம் கீதுன்னா நாலு வார்த்த திட்டிடு. நன்றி மட்டும் வோணாம் தாயே" என்றான். வீட்டிலும் அதே கதைதான். மாப்பிள்ளை காப்பி போட்டுக் கொடுத்தால், டம்ளரை நீட்டும்போதே, "அத்தை, சீட்டு எழுதிடாதீங்க" என்கிறார்.

எட்டு மாதமா, ஒன்பதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கல்பனா கீழே போகும்போது ஏழுமலையைக் கேட்டுத் திருத்திவிடட்டும். அவன் சொன்னதும், அம்மா நன்றி சொல்லச் சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.