எட்டாம் நம்பர் தோட்டா

தெரியாத விசயத்தைத் 'தெரியாது' என்று சொல்ல நான் பழகியது முப்பது வயதுக்குப் பிறகுதான். அதற்காக ஓர் அப்பாவி மனிதர் சூடு வாங்க வேண்டியிருந்தது.

நான் வங்காலையில் பிறந்த கணக்கு வாத்தியார். கலியாணம் முடித்தது இலுப்பைக்கடவையில். மாமாவுக்கு, அதாவது என் மனைவியின் தகப்பனுக்கு, அங்கே நாலு ஏக்கர் வயலும், பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கும் இருந்தன. கதிர் முற்றும் நேரம் காட்டுப் பண்டிகள் கூட்டமாக இறங்கின. துவக்குக்குத் தோட்டா முடிந்திருந்தது. வாங்கப் புறப்பட்டவரோடு நானும் தொற்றிக்கொண்டேன். புது மருமகன் அல்லவா, பஸ்ஸில் போகும் வழியெல்லாம் துவக்கைப் பற்றி விளாசித் தள்ளினேன். (அதுவரை நான் சுட்டது கருவாடு மட்டும்.)

கடையில் மாமா பத்திரத்தைக் காட்டிக் கையெழுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது.

"தம்பி, பண்டிக்கு ஏற்றதா நீங்களே பாத்து எடுங்கோ" என்று வெளியே போய்விட்டார்.

கண்ணாடி அலுமாரிக்குள் மூன்று விதப் பெட்டிகள். ஒன்றில் நாலு, ஒன்றில் எட்டு. மூன்றாவதில் நம்பரே இல்லை, எஸ்.ஜி. என்று வெறும் எழுத்து. நாலைவிட எட்டுப் பெரிசு. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பட்டப்படிப்பு உதவியது.

"எட்டுத் தாங்கோ."

"எட்டோ? எதுக்கு எண்டு..."

"தெரிஞ்சுதான் கேக்கிறன்."

கடைக்காரர் பெட்டியை எடுத்துத் தந்துவிட்டார்.

அன்று பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. பொழுதுபடும் நேரம் வரம்பில் பதுங்கியிருந்தோம். மாமா தோட்டாவைப் போட்டபடி, "பாத்துத்தானே எடுத்தனீங்கள்?" என்றார்.

"ஓம் மாமா. இருக்கிறதிலேயே பெரிசு."

தூரத்தில், எல்லை வாய்க்கால் பக்கம், கதிர் அசைந்தது. கறுப்பாக ஒரு முதுகு எழும்பியது. மாமா சுட்டார்.

"யா அல்லாஹ்! ஆரடா அது?"

பண்டி இரண்டு காலில் எழும்பி நின்றது. பக்கத்து வயல் ஹனிபா நானா! மாமாவின் முப்பது வருசக் கூட்டாளி. கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, குனிந்து வாய்க்கால் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

துவக்கைப் போட்டுவிட்டு மாமா ஓடினார். நான் விழுந்து எழும்பிப் போய்ச் சேர்ந்தேன். கோட்டைக் கழற்றிப் பார்த்தால், முதுகில் கடுகு கடுகாகச் சிவந்த புள்ளிகள். அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் இருந்து இரண்டே இரண்டு ஈயச் சன்னத்தைக் கிள்ளி எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் மாமா, போட்ட துவக்கை எடுத்து முறித்துத் திறந்து, வெற்றுத் தோட்டாவை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது எட்டு. குருவிக்குப் போடுறது. நம்பர் கூடக் கூட உள்ளுக்கிருக்கிற சன்னம் சிறுக்கும். பண்டிக்கு எஸ்.ஜி. எல்லோ எடுக்க வேணும்."

ஏச்சுக்காகத் தலையைக் குனிந்து நின்றேன். ஏச்சு வரவில்லை. மாமா ஈர வரம்பில் அப்படியே குந்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"நல்ல காலம், உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

என் படிப்புக்கு இன்றுவரை கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அடுத்த நாளே பொலிசுக்குப் போய் நடந்ததைச் சொல்லித் துவக்கை ஒப்படைத்தார். நானாவோ, "நான்தான் சொல்லாமக் கொள்ளாம நிண்டனான்" என்று அவருக்காகப் பேசினார். இப்போது பண்டிக்குச் சீனவெடிதான்.

போன மாதம் நானாவின் மகளுக்குக் கலியாணம். சகனைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடும்போது, என்னை மாப்பிள்ளைக்கு அறிமுகப்படுத்தினார்:

"இந்த மாஸ்டருக்குக் கணக்குச் சரியா வந்திருந்தா நான் இண்டைக்கு மௌத்து."

சபையே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். என் பக்கத்தில் அதே சகனில் கை வைத்திருந்த எங்கள் பாடசாலை அதிபர். இந்தத் தவணையிலிருந்து எனக்குக் கணக்கைக் குறைத்துச் சித்திரபாடமும் தந்திருக்கிறார்.